இத்தாலி பட்டியல்ல பலெர்மோவையும் சேருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பயண இணைப்புல இத்தாலிக்கு முழுசா ரெண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீங்க. ரோம், ஃப்ளாரன்ஸ், பைசா, வெனிஸ், மிலன்னு வரிசையா படம், ஒவ்வொண்ணுக்கும் கீழ எங்க நின்னு போட்டோ எடுத்தா நல்லா வரும்னு குறிப்பு. அந்த ஊருங்க எல்லாமே பார்க்க வேண்டிய ஊருங்கதான், அதுல எனக்கு சண்டை இல்ல. ஆனா "கட்டாயம் அனுபவிக்க வேண்டியவை"ன்னு பெருசா தலைப்பு போட்டுட்டு சாப்பாட்டுக்கு ஒரே ஒரு வரி, பீட்சா பாஸ்தா சுவைக்கலாம், சைவக்காரங்களுக்கு இந்திய ஹோட்டல்கள் இருக்குன்னு முடிச்சுட்டீங்க பாருங்க, அங்கதான் எனக்கு மனசு கேக்கல. இத்தாலில ஒரு ஊரை அனுபவிக்கறதுன்னா பாதி அது சாப்பாடு. அதுவும் சைவம் சாப்பிடறவங்க பயந்து ஒதுங்க வேண்டிய ஊரே இல்லாத ஒரு நாட்டுல நம்ம ஆளுங்க ரைஸ் குக்கரோட அலையறதைப் பார்த்தா வருத்தமா இருக்கு. அதனால நீங்க விட்டுட்ட பலெர்மோவைப் பத்தி எழுதறேன். கடிதம் நீளமா போகும், இடம் இல்லன்னா வெட்டிக்கோங்க, அந்த ஊர் ரோசாலியா மலை பத்தின பகுதியை மட்டும் தயவுசெஞ்சு வெட்டாதீங்க.

பலெர்மோ தெற்கு இத்தாலில சிசிலி தீவோட தலைநகரம். ஒரு பக்கம் கடல், சுத்தி மலை, நடுவுல ரொம்ப பழைய துறைமுக ஊரு. பொண்ணு மேல்படிப்புக்கு அங்க போனதால நானும் போய் அவகூட தங்கினேன், பல்லாரோ மார்க்கெட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு பழைய கட்டடத்துல வாடகை வீடு. அதுக்கு முன்னாடி நானும் நம்ம ஊர் டூர் கம்பெனி ஒண்ணோட குரூப்ல இத்தாலி போனவதான், அதனால அது எப்படி நடக்கும்னு தெரியும். காலைல ஆறு மணிக்கு பஸ், ஊருக்கு ரெண்டு மணி நேரம், மத்தியானம் பஸ்ஸுக்கே டப்பால பருப்பும் சப்பாத்தியும் வந்துடும். ஒரு இடத்துல எதிர்லயே காய்கறி சந்தை, உள்ள போயிட்டு வரட்டுமான்னு கேட்டதுக்கு கைடு "டைம் இல்ல மேடம், அடுத்த பாயின்ட் லேட்டாகும்"னு சொல்லிட்டாரு. காசு கட்டினவங்க கேட்டும் சந்தைக்குள்ள கால் வைக்க விடாத பயணத்தை எப்படி அனுபவம்னு சொல்றது சொல்லுங்க.

சரி, பல்லாரோவுக்கு வரேன். காலைல எட்டு எட்டரைக்குப் போங்க, அப்பதான் கடைக்காரங்க குரல் உச்சத்துல இருக்கும், ஒவ்வொருத்தரும் தன் காயை ராகம் போட்டுக் கூவுவாங்க, அந்தக் கூவல் அரபுக்காரங்க காலத்து சந்தைல இருந்து வர்ற பழக்கம்னு ஊர்க்காரங்க பெருமையா சொல்லுவாங்க. கோடைல போனீங்கன்னா நீள நீளமா வெளிர்பச்சை சுரைக்காய் அடுக்கி வெச்சிருப்பாங்க, அது பக்கத்துலயே அந்தச் சுரைக்கொடியோட கொழுந்து கட்டு கட்டா இருக்கும். அந்தக் கொழுந்தை தக்காளி, பூண்டு போட்டு வேகவெச்சு அதுல உடைச்ச ஸ்பகெட்டியைப் போட்டு குழம்பு பதத்துக்கு சாப்பிடுவாங்க, கொளுத்தற ஜூலை வெயில்ல அங்க வீட்டுக்கு வீடு அதுதான். சுத்த சைவம். டூரிஸ்ட் ஹோட்டல் மெனுல சுலபமா கிடைக்காது, சின்ன குடும்பக் கடைங்கள்ல கேட்டா கிடைக்கும்.

அடுத்து பனெல்லே. கடலைமாவை தண்ணில கரைச்சு உப்பு, பார்ஸ்லி இலை போட்டு களி மாதிரி கிண்டி, மெல்லிசா தேய்ச்சு ஆற வெச்சு, துண்டு போட்டு எண்ணெய்ல பொரிக்கறது. நம்ம பஜ்ஜிக்கு எந்த மாவோ அதே மாவுதான், ஆனா இங்க மாவுதான் பண்டமே, உள்ள வேற எதுவும் கிடையாது. வெளில மொறுமொறுன்னு ஒரு மெல்லிய தோல், உள்ள வெண்ணெயா கரையும். எள்ளு தூவின பன்னை ரெண்டா பிளந்து சுடச்சுட நாலஞ்சு பனெல்லே அடுக்கி, எலுமிச்சம்பழத்தை மேல பிழிஞ்சு காகிதத்துல சுத்தித் தருவாங்க, ரெண்டு மூணு யூரோதான் ஆகும். கூடவே உருளைக்கிழங்குல புதினாவோ பார்ஸ்லியோ போட்டு விரல் நீளத்துக்கு உருட்டிப் பொரிச்சது ஒண்ணு உண்டு, அதையும் அதே பன்னுக்குள்ள வெச்சுத் தரச் சொல்லி சாப்பிடலாம். உக்கார நாற்காலி இருக்காது, தள்ளுவண்டி பக்கத்துல நின்னுட்டே சாப்பிடணும், வக்கீலும் நிப்பாரு மூட்டை தூக்கறவரும் நிப்பாரு. அசைவம் சாப்பிடறவங்களுக்கு அதே தெருவுலயே மண்ணீரல் வெச்ச பன், ஆட்டுக்குடல் சுத்தி கரில சுட்டது எல்லாம் இருக்கு, நான் சாப்பிடாததால அதோட ருசி பத்தி எதுவும் சொல்லல.

கப்போனாத்தான்னு ஒண்ணு, கத்திரிக்காயைப் பொரிச்சு செலரி, வெங்காயம், தக்காளி, ஆலிவ், கேப்பர் மொக்கு சேர்த்து வினிகரும் சர்க்கரையும் விட்டுக் கிளறுவாங்க, புளிப்பும் இனிப்பும் சேர்ந்து நிக்கும். சூடா சாப்பிட மாட்டாங்க, ஆற வெச்சுதான், மறுநாள் இன்னும் நல்லா இருக்கும். இந்தக் கத்திரிக்காய் அங்க எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டா ஊரையே புரிஞ்சுக்கலாம். 827ல அரபுப் படை சிசிலில இறங்குச்சு, 831ல பலெர்மோ அவங்க கைக்கு வந்துச்சு, 1072ல வடக்கு ஃபிரான்ஸ் பக்கத்துல இருந்து வந்த நார்மன்காரங்க பிடிக்கற வரைக்கும் அவங்க ஊரு. கத்திரிக்காய், கரும்பு, எலுமிச்சை, நாரத்தை இதெல்லாம் அவங்க கொண்டுவந்து போட்ட பயிருங்க. கத்திரிக்காயோட பூர்வீகம் நம்ம பக்கம், கரும்புச் சாறைக் காய்ச்சி சர்க்கரை எடுக்கற வித்தையும் இந்தியாவுல இருந்து பாரசீகம் போய் அங்கருந்து அரபு தேசம் வழியா மத்திய தரைக்கடலுக்குப் போனதுதான். அதனால அந்தத் தட்டு முன்னாடி உக்காந்தப்ப எனக்கு வெளிநாட்டு சாப்பாடுங்கற நினைப்பே வரல.

இதே கதையை கல்லுலயும் பொன்னுலயும் பார்க்கணும்னா நார்மன் அரண்மனைக்குள்ள இருக்கற பலத்தீனா சாப்பலுக்குப் போகணும். 1130ல முடிசூடின ரெண்டாம் ரோஜர் ராஜா 1132ல கட்ட ஆரம்பிச்சு 1140ல பிரதிஷ்டை ஆன சின்ன தேவாலயம். சுவர் பூரா தங்க மொசைக், அது பைசான்டிய கிரேக்கக் கைவேலை, எழுத்து கிரேக்கத்துலயும் லத்தீன்லயும் இருக்கு. மேல நிமிர்ந்து பார்த்தா மரக்கூரை, தேன்கூடா அடுக்கடுக்கா செதுக்கி வண்ணம் தீட்டினது, அது அரபு கைவினைஞருங்க வேலை, அதுல பாட்டுக்காரங்க, கோப்பையோட உக்காந்திருக்கறவங்க, சதுரங்கம் ஆடறவங்க எல்லாம் வரைஞ்சிருக்கு. கிறிஸ்தவ ராஜா, கிறிஸ்தவக் கோயில், தலைக்கு மேல அரபு எழுத்து. கழுத்து வலிக்கற வரைக்கும் அண்ணாந்து பாருங்க, சின்ன பைனாகுலர் இருந்தா கண்டிப்பா எடுத்துட்டுப் போங்க, இல்லன்னா கூரைல இருக்கற உருவங்க கண்ணுக்குத் தெரியாது. ரோஜர் ஒரு தண்ணிக் கடிகாரம் செய்ய வெச்சதைச் சொல்ற 1142ம் வருஷக் கல்வெட்டும் அங்கயே இருக்கு, லத்தீன், கிரேக்கம், அரபுன்னு மூணு மொழில. பெரிய கதீட்ரலோட தெற்கு வாசல் தூண் ஒண்ணுல குர்ஆன் வசனம் செதுக்கினது இன்னும் அப்படியே நிக்குது, யாரும் அதைச் சுரண்டி எடுக்கல. சாப்பலுக்கு காலைல திறந்த உடனே போனா நிம்மதியா பார்க்கலாம், பத்து மணிக்கு மேல க்ரூஸ் கப்பல் கூட்டம் வந்துடும், ஞாயிறு காலைல பூசை நேரத்துல சுத்திப் பார்க்க விட மாட்டாங்க.

மொன்றியாலே கதீட்ரலும் ஊருக்கு வெளில மேட்டுல இருக்கு, 12ம் நூற்றாண்டு, மொசைக் மட்டும் 6,000 சதுர மீட்டருக்கு மேல, முற்றத்துல ஜோடி ஜோடியா 228 தூண். நேரம் இருந்தா போங்க. ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னா என் ஓட்டு சின்ன சாப்பலுக்குத்தான்.

டிசம்பர் 13 அன்னிக்கு பலெர்மோவுல இருக்க முடிஞ்சா அதைவிட பாக்கியம் வேற இல்ல. அன்னிக்கு சாந்தா லூசியா திருநாள், ஊரே கோதுமை ரொட்டி, பாஸ்தா எதையும் தொடாது. 1646ல பெரிய பஞ்சம், அப்ப தானியம் ஏத்தின கப்பல் ஒண்ணு துறைமுகத்துக்கு வந்துச்சாம், ஜனங்க மாவரைக்கக்கூட பொறுமை இல்லாம முழுக் கோதுமையை அப்படியே வேகவெச்சு சாப்பிட்டாங்களாம், அந்த நன்றிக்கு இன்னிக்கும் இந்த விரதம்னு சொல்றாங்க. அதனால அன்னிக்கு வேகவெச்ச கோதுமைல ரிக்கோட்டாங்கற மெத்துன்னு இருக்கற சீஸ், சர்க்கரை, பழத்துண்டு கலந்த குச்சீயா, பனெல்லே, அப்புறம் அரஞ்சினா. அரஞ்சினான்னா குங்குமப்பூ போட்ட சோத்தை ஆரஞ்சுப் பழம் அளவுக்கு உருட்டி உள்ள பூரணம் வெச்சுப் பொரிச்சது. அன்னிக்கு பேக்கரி வாசல்ல காலைல இருந்தே கூட்டம், ஆபீஸ் போறவங்க அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியா வாங்கிட்டுப் போவாங்க, கடைக்காரங்க புதுசு புதுசா பூரணம் வெச்சு போட்டி போடுவாங்க. சைவக்காரங்க இங்க ஜாக்கிரதையா இருக்கணும், வழக்கமான ரெண்டு வகைல ஒண்ணுல இறைச்சி, "வெண்ணெய்"னு பேரு வெச்ச இன்னொண்ணுலயும் பன்றி ஹாம் துண்டு இருக்கும், பேரை நம்பி வாங்கக் கூடாது. கீரை வெச்சது, கத்திரிக்காய் வெச்சது தனியா கிடைக்கும், கேட்டு வாங்குங்க.

இதைத்தான் உங்க இணைப்புல எழுதணும்னு கேக்கறேன், சைவக்காரங்களுக்கு உண்மைல உபயோகமான தகவல். ஸ்ஃபின்சோனேன்னு தடிமனா பஞ்சுமாதிரி ஒரு பலெர்மோ பீட்சா, மேல பார்க்க வெங்காயமும் தக்காளியும்தான் தெரியும், ஆனா சாஸ்ல நெத்திலி மீன் கரைஞ்சிருக்கும். கன்னோலோன்னு குழல் மாதிரி மொறுமொறு ஓட்டுக்குள்ள ரிக்கோட்டா நிரப்பின ஒரு இனிப்பு, அந்த ஓட்டு மாவுல பழைய முறைப்படி பன்றிக் கொழுப்பு சேர்ப்பாங்க, பல கடைல இப்ப வேற கொழுப்பு போடறாங்க, "ஸ்த்ரூத்தோ" இருக்கான்னு கேட்டா மறைக்காம சொல்லிடுவாங்க. பார்மிஜானோ சீஸ்ல பாலைத் திரிய வைக்க கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கற ரென்னட் போடறாங்க, அது வேண்டாம்னு இருக்கறவங்க "சென்ட்சா ஃபொர்மாஜோ"ன்னு சொல்லணும். இறைச்சி வேண்டாம்னா "சென்ட்சா கார்னே", மீன் வேண்டாம்னா "சென்ட்சா பேஷே". வெறுமனே வெஜிடேரியன்னு சொன்னா சில பெரியவங்க மீன் பரவாயில்லன்னு எடுத்துக்குவாங்க, அதனால ரெண்டையும் சேர்த்தே சொல்லுங்க. இந்த நாலு வார்த்தையும் ஒரு சின்ன சிரிப்பும் இருந்தா சிசிலில பட்டினி கிடக்கவே மாட்டீங்க.

இனிப்புக்கு நேரா சாந்தா கத்தரீனா மடத்துக்குப் போங்க, ஊருக்கு நடு மத்தில பெல்லினி சதுக்கத்துல இருக்கு. நூத்தாண்டு நூத்தாண்டா உள்ளயே அடைஞ்சு வாழ்ந்த டொமினிக்கன் கன்னியாஸ்திரிங்க மடம், கடைசியா இருந்தவங்க 2014ல கிளம்பிட்டாங்க, இப்ப உள்ள போய்ப் பார்க்கலாம். அந்த மடத்துலயும் மத்த மடங்கள்லயும் கன்னியாஸ்திரிங்க செஞ்ச இனிப்புங்களோட பழைய செய்முறையைத் தேடிப் பிடிச்சு அங்கயே ஒரு கடைல செஞ்சு விக்கறாங்க. கன்னோலோ கேட்டா ஓட்டை எடுத்து அப்பதான் செம்மறியாட்டுப்பால் ரிக்கோட்டாவை நிரப்பித் தருவாங்க. முன்னாடியே நிரப்பி கண்ணாடிக்குள்ள அடுக்கி வெச்சிருக்கற கடைல வாங்காதீங்க, ஓடு நமுத்துப் போயிருக்கும். வாங்கிட்டு வெளில போயிடாம முற்றத்துல ஆரஞ்சு மரத்தடில உக்காந்து சாப்பிடுங்க, அப்புறம் மாடிப்படி ஏறி கூரைக்குப் போனா ஊர் கோபுரங்க எல்லாம் கைக்கெட்டற தூரத்துல. ஆகஸ்ட்ல போறவங்களுக்கு தர்பூசணிச் சாறுல மல்லிகைப் பூவை ஊறப்போட்டு வாசம் ஏத்தி ஜெல்லியா இறுக்கி பிஸ்தா தூவின ஒரு இனிப்பு உண்டு, மல்லிகைய தலைல வைக்கற ஊர்ல பொறந்த நம்ம பெண்கள் ஒரு தடவையாவது அதைச் சாப்பிடணும்.

சாயந்திரம் பொம்மலாட்டம். ஓப்பெரா தெய் பூப்பின்னு பேரு, யுனெஸ்கோ 2001லயே மனித குலத்தோட வாய்மொழி மரபுச் செல்வம்னு அறிவிச்சது. ஷார்லமேன் ராஜாவோட வீரருங்க ஒர்லாந்தோ, ரினால்தோ, அவங்க ரெண்டு பேரும் ஆசைப்படற ஆஞ்சலிக்கா, இவங்க கதைதான். பலெர்மோ பொம்மை ஒண்ணு கிட்டத்தட்ட 80, 90 சென்டிமீட்டர் உயரம், மேல பூரா தட்டித் தட்டி செஞ்ச உலோகக் கவசம், எட்டு கிலோ வரைக்கும் கனம், தலைக்கு மேல இரும்புக் கம்பி பிடிச்சு ஆட்டறாங்க. கத்தானியா ஊர் பொம்மை இதைவிடப் பெருசு ஆனா முட்டி மடங்காது, பலெர்மோ பொம்மைக்கு முட்டி மடங்கும், கத்தியை உறைல இருந்து உருவவும் தெரியும் திருப்பிச் செருகவும் தெரியும். சின்ன அரங்கு, மர பெஞ்சு, நானும் பொண்ணும் முதல் வரிசை. சண்டை வந்தப்ப ஆட்டறவரு மரச்செருப்பால மேடையை ஓங்கி ஓங்கி உதைக்கறாரு, கவசம் கவசத்தோட மோதற சத்தம், பக்கத்துல ஒரு பையன் கைப்பிடி சுத்தற பியானோவை விடாம சுத்தறான், ஒரு வீரனோட தலை நிஜமாவே ரெண்டா பிளந்து விழுது, குழந்தைங்க பெஞ்சு மேல ஏறி நிக்குதுங்க. ஒரு வார்த்தை புரியலன்னாலும் எல்லாம் புரியும். டிவி வந்ததுக்கப்புறம் பல அரங்கு மூடிப்போச்சு, இன்னும் விடாம நடத்தற சில குடும்பங்களாலதான் இது உசிரோட இருக்கு, அதனால டிக்கெட் வாங்கி உள்ள போய்ப் பாருங்க. 1975ல ஆரம்பிச்ச அந்தோனியோ பஸ்குவாலினோ பொம்மலாட்ட அருங்காட்சியகமும் அங்க இருக்கு, ஆசியப் பாவைங்களும் வெச்சிருக்காங்க, அங்கயும் நிகழ்ச்சி நடத்தறாங்க.

பெரிய அரங்குன்னா தெயாத்ரோ மாசிமோ, 1897ல திறந்தது, இத்தாலிலயே பெரிய ஓப்பெரா அரங்கம், 1974ல பழுதுபார்க்கறோம்னு மூடி 1997லதான் மறுபடி திறந்தாங்க. மேல் மாடி டிக்கெட் கீழ இருக்கறதைவிட ரொம்பக் குறைச்சல், ஒரு ராத்திரி போய் உக்காருங்க.

சிசிலின்னு சொன்னதுமே நம்ம ஆளுங்க முதல்ல கேக்கறது மாஃபியா. அதை விளையாட்டா எடுத்துக்கறது எனக்குப் பிடிக்கல. 1992 மே 23ல நீதிபதி ஜொவான்னி ஃபல்கோனே, அவர் மனைவி, மூணு காவலர்கள் எல்லாரையும் ஹைவேல குண்டு வெச்சுக் கொன்னாங்க, ஜூலை 19ல அவரோட நண்பர் நீதிபதி பாவ்லோ பொர்செல்லீனோவையும் அஞ்சு காவலர்களையும் கொன்னாங்க. பலெர்மோல விமானம் இறங்கற ஏர்போர்ட்டுக்கு இவங்க ரெண்டு பேர் பேருதான். ஃபல்கோனே குடியிருந்த வீட்டு வாசல்ல நிக்கற ஃபைகஸ் மரத்துல இன்னிக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைங்க லெட்டர் எழுதி ஒட்டிட்டுப் போறாங்க. 2004ல சில இளைஞருங்க ராத்திரியோட ராத்திரியா ஊர் பூரா ஸ்டிக்கர் ஒட்டி ஆரம்பிச்ச இயக்கம்தான் அத்தியோபித்சோ, மாஃபியாவுக்கு மாமூல் கட்ட மாட்டோம்னு துணிஞ்சு சொல்ற கடைங்களோட பட்டியலை அவங்க வெச்சிருக்காங்க, அந்தக் கடை கதவுல அவங்க ஸ்டிக்கர் இருக்கும். சாப்பிடறதும் சாமான் வாங்கறதும் அப்படிப்பட்ட கடைல வெச்சுக்கோங்க, துப்பாக்கி பிடிச்ச மாஃபியா பொம்மையும் டீ ஷர்ட்டும் வாங்கிட்டு வராதீங்க, அந்த ஊருல அப்பாவை, அண்ணனைப் பறிகொடுத்தவங்க இன்னும் நடமாடறாங்க.

இப்ப ரோசாலியா மலை. பலெர்மோவுக்கு வடக்குல கடலை ஒட்டி நிக்கற மொந்தே பெல்லெக்ரீனோ மலை, அதுல ஒரு குகை, அதுதான் சாந்தா ரோசாலியா கோயில். 12ம் நூற்றாண்டுல உறவை எல்லாம் விட்டுட்டு அந்தக் குகைல தனியா தவம் இருந்த பொண்ணு ரோசாலியா. 1624ல ஊர்ல கொள்ளைநோய் வந்து ஜனங்க கொத்துக் கொத்தா செத்தப்ப அவங்க எலும்புங்க அந்தக் குகைல கிடைச்சுது, அடுத்த வருஷம் அதை ஊர்வலமா எடுத்துட்டுப் போனதும் நோய் விட்டுச்சுன்னு நம்பிக்கை, அதுலருந்து ஊருக்கு அவங்கதான் காவல். ஜூலை 14 ராத்திரி திருவிழா, பெரிய தேர்ல அம்மா சிலையை வெச்சு பழைய ராஜவீதி வழியா கடற்கரை வரைக்கும் இழுத்துட்டு வருவாங்க. நாலு மூலை சதுக்கத்துல தேர் நிக்கும், மேயர் மேல ஏறி பூ வெச்சு "வாழ்க பலெர்மோ, வாழ்க சாந்தா ரோசாலியா"ன்னு குரல் குடுப்பாரு, சுத்தி நிக்கற கூட்டம் திருப்பிச் சொல்லும். அப்புறம் கடற்கரைல வாணவேடிக்கை. 2024ல இதுக்கு 400வது விழா நடந்துச்சு. அன்னிக்கு தெரு பூரா வேகவெச்ச சோளம், வறுத்த கொண்டைக்கடலை, பூசணி விதை, தர்பூசணி, பூண்டு போட்ட நத்தை.

அந்தக் கூட்டத்துல நம்ம தமிழ் கேக்கும். 1980கள்ல இலங்கைல போர் தொடங்கினதுக்கப்புறம் யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து நிறைய குடும்பங்க பலெர்மோ போய்ச் சேர்ந்தாங்க, வீட்டு வேலை, வயசானவங்களைப் பார்த்துக்கற வேலைன்னு செஞ்சு பிள்ளைங்களைப் படிக்க வெச்சாங்க, இப்ப அடுத்த தலைமுறை சிசிலிக்காரங்க மாதிரியே கையை ஆட்டி ஆட்டி இத்தாலியன் பேசுது. அவங்கள்ல கத்தோலிக்கரும் இருக்காங்க, சைவ சமயக் குடும்பங்களும் இருக்காங்க, ரெண்டு பேருமே ரோசாலியா அம்மாகிட்ட போறாங்க. ஞாயிற்றுக்கிழமைல பழைய கல் பாவின பாதைல குடும்பம் குடும்பமா ஏறுவாங்க, பஸ்ஸும் இருக்கு, ஆனா நடந்து ஏறினாதான் கீழ பலெர்மோ வளைகுடா கொஞ்சம் கொஞ்சமா விரியறது தெரியும்.

நான் மூச்சு வாங்க மேல போய்ச் சேர்ந்தப்ப படிக்கட்டுல புடவை கட்டின ஒரு பெரியம்மா உக்காந்திருந்தாங்க. என்னைப் பார்த்ததும், "தங்கச்சி, எங்கயிருந்து வாறியள், இந்தியாவோ?"ன்னாங்க. ஆமாங்கம்மா, திருச்சின்னேன். "முதல்ல உள்ள போய்க் கும்பிட்டிட்டு வாங்கோ, பிறகு இருந்து கதைப்பம்"னு அனுப்பி வெச்சாங்க. உள்ள குளுகுளுன்னு இருக்கு, பாறைக் கூரைல இருந்து தண்ணி சொட்டிட்டே இருக்கும், அது ஜனங்க மேல விழாம இருக்க தகரக் குழாய் குழாயா கூரை பூரா வளைச்சு வளைச்சு கட்டியிருக்காங்க, அந்தத் தண்ணியைப் புனிதம்னு வாங்கிட்டுப் போறாங்க. பீடத்துக்குக் கீழ கண்ணாடிக்குள்ள சாஞ்சு படுத்த கோலத்துல அம்மா, உடம்பு பூரா தங்க ஆடை. பக்கத்துச் சுவர்ல நேர்த்திக்கடனா மாட்டின வெள்ளிக் கை, கால், இதயம், குழந்தைங்க போட்டோ. வெளில வந்தப்ப அந்தப் பெரியம்மா ஃபிளாஸ்க்ல இருந்து தேத்தண்ணி ஊத்திக் குடுத்துட்டே சொன்னாங்க, "நாங்கள் சைவம்தான் பிள்ளை, வீட்டில முருகன் படமும் இருக்கு. வந்த புதுசில விசாவும் இல்லை, வேலையும் இல்லை, பாஷையும் விளங்காது, இஞ்ச வந்துதான் அழுதனாங்கள். இவ ஆத்தா எங்களைக் கைவிடேல்லை." அவங்க பேரப்பிள்ளை ரெண்டும் பக்கத்துல நின்னு ஜெலாத்தோவுக்கு அடம் பிடிச்சிட்டு இருந்துச்சுங்க, ஒண்ணு தமிழ்ல, ஒண்ணு இத்தாலியன்ல.

ஆசிரியர் ஐயா, இத்தாலி பத்தி ஒரு தமிழ்ப் பத்திரிகை எழுதறப்ப இந்த மலை அதுல இல்லாம போகலாமா? பைசா கோபுரத்தை யார் வேணா எழுதுவாங்க. பலெர்மோத் தமிழர் பத்தி நம்ம பத்திரிகை எழுதலன்னா வேற யார் எழுதுவாங்க? ஒரு நிருபரை அனுப்பி அந்தப் பெரியவங்ககிட்ட எல்லாம் உக்காந்து பேசி ஒரு தொடரா போடுங்கன்னு கேட்டுக்கறேன், முதல்ல போனவங்களுக்கு வயசாகிட்டு வருது.

போறவங்களுக்கு வழியும் சொல்லிடறேன். ரோமுக்கு வந்துட்டா அங்கருந்து பலெர்மோவுக்கு ஃப்ளைட்ல ஒரு மணி நேரம் சொச்சம். நேரம் இருக்கறவங்க ராத்திரி ரயில்ல போங்க, காலைல இத்தாலிக் கரையோரம் இருக்கற வில்லா சான் ஜொவான்னி வந்ததும் ரயில் பெட்டிங்களைப் பிரிச்சு அப்படியே கப்பலுக்குள்ள தள்ளிடுவாங்க, நாம இறங்கி மேல் தளத்துக்குப் போய் மெஸ்சீனா நீரிணையைப் பார்த்துக்கிட்டே காபி குடிக்கலாம், அக்கரைல பெட்டிங்களைத் திரும்ப கோத்து ரயில் கிளம்பிடும். மத்தியானம் ஒண்ணரைல இருந்து நாலு வரைக்கும் சின்ன கடைங்க பல மூடியிருக்கும், ராத்திரி சாப்பாடு எட்டு மணிக்கு முன்னாடி எங்கயும் சூடு பிடிக்காது. பில்லுல "கோபெர்த்தோ"ன்னு ஆளுக்கு ஒண்ணு ரெண்டு யூரோ இருக்கும், ஏமாத்தறாங்கன்னு சண்டை போடாதீங்க, அது மேஜைக்கும் ரொட்டிக்கும் வழக்கமா வாங்கறது, மெனுவுலயே போட்டிருக்கும். காபியை கவுன்டர்ல நின்னு குடிச்சா விலை குறைச்சல். ஊர் நடுவுல பைக் நிக்காம போகும், கைப்பை பத்திரம். ஐந்தாறு ஊரைத் தொட்டுட்டு ஓடறதுக்குப் பதிலா ரோம்ல மூணு நாள், மீதி பலெர்மோன்னு வெச்சுக்கிட்டாலே போதும், சமையலறையோட வாடகை வீடு எடுத்தா பல்லாரோல காய் வாங்கி ஒருவேளை ரசம் சாதமும் வெச்சுக்கலாம், மீதி ரெண்டு வேளை வெளில சாப்பிடுங்க.

இத்தாலி போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்கு பயண தேதிக்கு ஆறு மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம். ஜூலை 14 தேரைப் பார்க்கணும்னு ஆசைப்படற வாசகருங்களுக்கு உபயோகமா இருக்கணும்னா பலெர்மோ கட்டுரையை பொங்கல் சமயத்துலயே போட்டுடுங்க, டிசம்பர் 13க்குப் போறவங்களுக்கு ஜூன்ல இன்னொரு தடவை நினைவுபடுத்துங்க.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி,
ஸ்ரீரங்கம், திருச்சி.